உள்ளங்கையில் போர் விமானம்... ஓலைப்பெட்டியில் அடுப்படி!

மணிமுத்தாறு அணையின் அடிவாரத்தில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 118 அடி. நிரம்பினால் 5,511 மில்லியன் கன அடி தண்ணீர். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950-களில் எழுந்த அணை இது. மழைக்காலத்தில் தாமிரபரணியோடு சேர்ந்து வீணாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளத்தைப் பிடித்து, நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்து வறண்ட குளங்களுக்குத் திருப்பிவிடும் கால்வாய்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன.

அதே அணையை இன்னோர் இடத்திலிருந்தும் பார்க்கலாம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கிக்கொண்டு மாஞ்சோலை மலைப்பாதையில் ஏற வேண்டும். நாலைந்து வளைவுகள் கடந்து, மரங்கள் விலகும் ஓரிடத்தில் திரும்பிப் பார்த்தால், அவ்வளவு பெரிய அணை ஒரு கோடாகக் கிடக்கும். தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றி வைத்ததுபோல் மின்னும். கீழே போகும் பேருந்து தீப்பெட்டி அளவு. குழந்தைகள் இருக்கும் வண்டி என்றால், "அய்யோ, சொப்பு பஸ்!" என்று ஒரு குரல் வந்தே தீரும்.

அந்தக் குழந்தை சரியான ஊரில்தான் சரியான சொல்லைச் சொல்கிறது. மணிமுத்தாறிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது அம்பாசமுத்திரம். பெரிய பொருள்களைச் சிறியதாகச் செய்வதையே தலைமுறைத் தொழிலாக வைத்திருக்கும் ஊர்.

ஸ்டேஷனுக்கு ஒரு கைவேலை

மணிமுத்தாறுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காரிலோ வேனிலோ வந்து, அருவியில் குளித்து, அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒருமுறையாவது திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயிலில் வரலாம். சேரன்மகாதேவி வந்தால் பக்கத்தில் பத்தமடை. பட்டுப் போல் மடியும் கோரைப்பாய். அடுத்து காருகுறிச்சி, நாகஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர், மண்பாண்டத்துக்கும் பெயர் போனது. பிறகு வீரவநல்லூர்; தறிச் சத்தம் கேட்ட ஊர். அதற்கடுத்து கல்லிடைக்குறிச்சி, அப்பளம் என்றாலே நினைவுக்கு வருவது. ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம், சொப்புச் சாமான்.

ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஐந்து ஊர்கள், ஐந்து கைவேலைகள். மற்ற நான்கும் வீட்டில் புழங்குவதற்கு. சொப்பு மட்டும் விளையாடுவதற்கு.

சொப்புச் சாமான் கடைசல் வேலை. மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியை அணைத்துப் பிடித்தால் சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். சில நிமிடங்களில் கட்டை குடமாகும், இன்னொன்று உரலாகும். அந்தக் காலத்தில் கயிற்றை ஒருவர் மாறி மாறி இழுக்க, இன்னொருவர் கடைந்தார். இப்போது மோட்டார் சுற்றுகிறது. மஞ்சக்கடம்பு இந்த வேலைக்கு ஏற்ற மரம் என்பார்கள். இழை நெருக்கமாக இருக்கும், சிராய் எழும்பாது, குழந்தையின் விரலில் குத்தாது.

வண்ணம் பூசுவதைப் பார்க்கத்தான் வேடிக்கை. தூரிகை கிடையாது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்க, திட்டுத் திட்டாக இருந்த நிறம் ஒரே சீராகப் பரவிக் கண்ணாடிபோல் பளபளக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை. மரமும் அரக்கும் சுற்றும் வேகமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

ஓலைப்பெட்டியைத் திறந்தால் ஒரு முழு அடுப்படி உள்ளே இருக்கும். அடுப்பு, பானை, சட்டி, கரண்டி, குடம், தூக்குவாளி, இட்லிக் கொப்பரை, மத்து, உரல், உலக்கை, அம்மி, குழவி, திருகை. தாத்தா பாட்டி திருநெல்வேலிப் பக்கம் போய் வந்தால் பேத்திக்கு இதுதான் பரிசு. தெருத் திண்ணையில் மண்ணைச் சோறாகவும் வேப்பிலையைக் கீரையாகவும் வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

இன்று அந்தப் பெட்டிக்கு இன்னொரு மதிப்பும் வந்துவிட்டது. உண்மையான திருகையை எத்தனை வீட்டில் பார்க்க முடியும்? உரல் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது, அம்மி மாடிப்படிக்கு அடியில். உலக்கை பிடித்து நெல் குத்திய கைகள் இப்போது எண்பதைத் தாண்டியவை. ஆனால் ஓலைப்பெட்டிக்குள் அந்த அடுப்படி அப்படியே இருக்கிறது. இது உரல், இது திருகை, இதன் மேல்கல்லை இப்படிச் சுற்ற வேண்டும் என்று ஒரு பாட்டி சொல்லிக்கொடுக்க, கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் மிச்சம் இருக்கிறது.

பெரியது மறைந்த பிறகும் சிறியது நிற்கிறது. இதே காரியத்தை உலகின் பல மூலைகளில் வேறொரு பொருளில் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பொருள் பிளாஸ்டிக். அவர்கள் செய்வது அடுப்படி அல்ல. போர் விமானமும் போர்க்கப்பலும்.

72-ல் ஒன்று

ஜப்பான், இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா எனப் பல நாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. இந்தியாவிலும் ஆர்வலர்கள் உண்டு. பெட்டியை வாங்கினால் உள்ளே விமானம் இருக்காது. விமானத்தின் துண்டுகள் இருக்கும். சட்டங்களில் கோத்தபடி பத்து, ஐம்பது, சிலவற்றில் நூற்றுக்கணக்கான பாகங்கள். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டி விமானமாக்குவது வாங்கியவரின் வேலை. சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

இவற்றில் மிகப் பரவலான ஓர் அளவு 1:72. அதாவது உண்மையில் 72 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. ஏன் இந்த விநோத எண்? அடி, அங்குலக் கணக்கில் பார்த்தால் விடை எளிது. 6 அடி என்பது 72 அங்குலம். ஆறடி ஆள் ஓர் அங்குல பொம்மை ஆகிவிடுவார். 1930-களில் இங்கிலாந்தில் இந்த அளவில் வந்த ஆரம்பகால விமானப் பெட்டிகளில் மரத்துண்டுகள்தான் இருந்தன. 1936-ல் 'ஃப்ராக்' நிறுவனம் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1953-ல் 'ஏர்ஃபிக்ஸ்' வெளியிட்ட சின்ன ஸ்பிட்ஃபயர் விமானம் 2 ஷில்லிங்குக்கு விற்றது. பள்ளிப் பையன்களின் கைச்செலவுக் காசுக்கே போர் விமானம் கிடைக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இடையில் ஒரு போர் வந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு வேண்டுகோள் விடுத்தது. நாட்டின் பள்ளி மாணவர்கள் 1:72 அளவில் 5,00,000 விமான மாதிரிகளைச் செய்துதர வேண்டும், மரத்தில், கையால். விளையாட்டுக்கு அல்ல. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று சில நொடிகளில் அடையாளம் காண, பீரங்கி வீரர்களுக்கும் விமானிகளுக்கும் பயிற்சி தருவதற்கு. 1:72 அளவில் செய்த விமானத்தை 10 மீட்டர் தள்ளிப் பிடித்தால், 720 மீட்டர் தொலைவில் பறக்கும் நிஜ விமானத்தின் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியும். நிழலுருவம் மட்டும் மனதில் பதிய வேண்டும் என்பதால் கறுப்பு வண்ணம் பூசினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் கொழும்பும் திரிகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு ஆளாயின. வானத்தில் வருவது எது என்று தெரிவது உயிர் பிழைக்கும் விஷயமாக இருந்த காலம் அது. பள்ளிக்கூடத்து மர வேலை வகுப்பில் ஒரு சிறுவன் இறக்கையின் வளைவைத் தப்பாகச் சீவியிருந்தால், எங்கோ ஒரு வீரன் தப்பான விமானத்தைச் சுடலாம்.

அம்பாசமுத்திரத்தின் கடைசல்காரரும் அந்தப் பள்ளி மாணவர்களும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் மரத்தைச் சீவி, அதில் ஒரு பெரிய பொருளின் வடிவத்தைக் கொண்டுவருவதில் இருவரும் ஒரே தொழில்காரர்கள்தாம்.

கை நீள நேட், விரல் நீள உரல்

நம் விமானப்படையின் 'நேட்' விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றை ஆள் ஓட்டும் இந்தக் குட்டி ஜெட், பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் தயாரானது. 1965, 1971 போர்களில் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களோடு மோதியது. 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் விமானத் தளத்தைத் தாக்க வந்த சேபர்களைத் தனியாக எதிர்கொண்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியது நேட்தான். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர்.

அந்த விமானத்தின் நீளம் 9 மீட்டர்கூட இல்லை. 1:72-ல் செய்தால் சுமார் 12 செ.மீ. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 9 செ.மீ. சொல்லப்போனால் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். அதைச் செய்து முடித்த ஒருவருக்கு, செகோன் எவ்வளவு சின்ன இடத்துக்குள் முடங்கி உட்கார்ந்து அந்தச் சண்டையைப் போட்டார் என்பது விரல் வழியாகத் தெரிந்திருக்கும். விமானி அறைக்குள் இருக்கையை ஒட்டும்போது, விரல் நுனியைவிடச் சிறிய அந்தக் குழிக்குள் ஒரு மனிதர் இருந்தார் என்பது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத விதத்தில் புரியும்.

வண்ணம் தீட்டுவது இன்னொரு பாடம். பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறார்கள். அச்சில் ஒட்டிய எண்ணெய் இருந்தால் வண்ணம் பிடிக்காது. மூடிய பிறகு கை நுழையாது என்பதால் உள்ளே இருப்பதற்கு முதலில் வண்ணம். பசை, பிளாஸ்டிக்கைச் சற்றே உருக்கி இரண்டு பாதிகளையும் ஒன்றாக்குகிறது. இணைப்புக் கோடு தெரியாமல் மாவு அடைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு. அதில்தான் எல்லாத் தப்பும் தெரியும். திரும்பவும் தேய்த்தல். அதற்கு மேல் அசல் வண்ணம், மிக மெல்லியதாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மாதிரியில் 0.1 மில்லிமீட்டர் பருமனுக்கு வண்ணம் அப்பினால், நிஜ விமானத்தில் அது 7 மில்லிமீட்டர் தடிமன் பூச்சுக்குச் சமம். வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும்.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. டப்பாவில் இருக்கும் அதே பச்சையை அப்படியே பூசினால் மாதிரி பொம்மை மாதிரி இருக்கும். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் காற்றின் ஊடாக வெளிறித் தெரியும் அல்லவா? மணிமுத்தாறில் நின்று பார்த்தால் பக்கத்து மலை பச்சை, அடுத்த மலை நீலம், அதற்கும் அப்பால் இருப்பது சாம்பல். அதனால் வண்ணத்தில் துளி வெள்ளை கலந்து சற்று மங்கலாக்குகிறார்கள். தேசியச் சின்னங்களைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய படலமாக நழுவவிட்டு ஒட்டுகிறார்கள். கடைசியில் புகைபோக்கியின் பின்னால் கரி, இறக்கையின் அடியில் எண்ணெய்க் கசிவு, விமானி ஏறும் இடத்தில் செருப்படித் தேய்மானம். பயன்படுத்தப்பட்ட பொருள் என்று காட்டினால்தான் அது உண்மையாகிறது.

ஓலைப்பெட்டியிலிருந்து உரலை எடுத்து இந்த நேட்டின் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு உடனே தெரியும். நேட்டின் ஒவ்வொரு பாகமும் 72-ல் ஒன்று. சொப்பு அப்படி இல்லை. நிஜ உரல் முழங்கால் உயரம், நிஜ டம்ளர் கையடக்கம். ஆனால் சொப்பில் உரலும் டம்ளரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். சொப்புக்கு அளவுகோல் குழந்தையின் கை. எல்லாமே அந்தக் கை பிடிக்கும் அளவு. விமானம் செய்கிறவர் அலமாரியில் வைக்கச் செய்கிறார். கடைசல்காரர் விளையாடக் கொடுக்கச் செய்கிறார். இரண்டு அளவுகளும் தத்தம் வேலைக்குச் சரியானவைதாம்.

கப்பலிலிருந்து அணைக்கு

போர்க்கப்பல்கள் பெரியவை என்பதால் அவற்றுக்கு 1:350, 1:700 அளவுகள். இந்தியாவின் முதல் விமானம்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த் 1961-ல் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் வங்காள விரிகுடாவில் அதன் விமானங்கள் பறந்தன. 1997-ல் ஓய்வு. சில காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014-ல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். 213 மீட்டர் நீளக் கப்பல் இரும்புத் துண்டுகளாகப் போய்விட்டது. 1:700 அளவில் அதைச் செய்து வைத்திருப்பவர் வீட்டு அலமாரியில் 30 செ.மீ. நீளத்துக்கு அது இன்னும் இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான கப்பல் ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் எம்டன். அன்றிலிருந்து "சரியான எம்டன்" என்றால் யாரும் எளிதில் மடக்க முடியாத ஆள். அதே ஆண்டு நவம்பரில் கோக்கோஸ் தீவுகளில் அதன் கதை முடிந்தது. இன்று ஜெர்மனியின் 'ரெவெல்' நிறுவனப் பெட்டியில் 1:350 அளவில் எம்டன் கிடைத்திருக்கிறது. தாத்தா வாயில் வசவாகவும் பாராட்டாகவும் வந்த ஒரு சொல்லுக்கு மூன்று புகைபோக்கிகள் இருந்தன என்று பேரனுக்குக் காட்டலாம்.

ராணுவப் பொருள்களைப் பொறுத்தவரை மாதிரிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. அவை நம் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. மணிமுத்தாறுக் கால்வாய்கள் போகும் நாங்குநேரி வட்டாரத்தில் விஜயநாராயணம் இருக்கிறது. அங்கே 1990-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் அனுப்பும் நிலையம். உயர்ந்த கம்பங்களை ஊர்க்காரர்கள் தூரத்தில் பார்க்கலாம், அவ்வளவுதான். நீர்மூழ்கி எப்படி இருக்கும், அதற்குள் மனிதர்கள் எங்கே தூங்குவார்கள் என்று கேட்கும் பிள்ளைக்குக் கையில் கொடுக்கக் கூடியது மாதிரி ஒன்றுதான்.

இனி, கப்பல் மாதிரிக்கும் அணைக்கும் உள்ள உறவு. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர், 1872-ல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில், கடற்படையின் பணத்தில் சுமார் 85 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி கட்டினார். மெழுகில் கப்பல் மாதிரிகள் செய்து அதில் இழுத்துப் பார்த்தார். சிறிய கப்பல் எழுப்பும் அலையைப் பார்த்துப் பெரிய கப்பலுக்கு எவ்வளவு விசை தேவை என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும், வேகத்தைச் சரியான விகிதத்தில் குறைக்க வேண்டும் என்று கண்டார். நீளம் 100-ல் ஒன்றானால் வேகம் 10-ல் ஒன்று.

போர்க்கப்பலுக்காகக் கண்ட அந்த விதிதான் இன்று அணைகளுக்கும் பயன்படுகிறது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் தமிழக அரசின் நீரியல் ஆய்வு நிலையம் 1944 முதல் இயங்குகிறது. அணை, மதகு, கலிங்கு ஆகியவற்றை அங்கே சிறிதாகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். ஃப்ரூட் கணக்குப்படி 1:100 மாதிரியில் நொடிக்கு 1 கன அடி தண்ணீர் விட்டால், அது நிஜத்தில் நொடிக்கு 1,00,000 கன அடி வெள்ளத்துக்குச் சமம். எங்கே மண் அரிக்கும், எங்கே சுழல் விழும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். தப்பு நடந்தால் நனைவது ஆய்வாளரின் கால் மட்டும். ஆற்றங்கரை ஊர்கள் அல்ல. விளையாட்டுப் போலத் தோன்றும் ஒரு வேலை எத்தனை பேரின் உயிரைத் தாங்குகிறது!

பிளாஸ்டிக்கா எதிரி?

அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பலாம். சொப்புச் சாமானுக்கு அண்மையில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பத்தமடைப் பாய்க்குக் கிடைத்த அதே மரியாதை. ஆனால் குறியீடு வந்ததும் கடைசல் பட்டறையில் கூட்டம் கூடிவிடாது. பழைய மாதிரி மஞ்சக்கடம்பு எளிதாகக் கிடைப்பதில்லை. மேற்கே இருக்கும் மலைக்காடுகள் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். சுமார் 895 சதுர கிலோமீட்டர். அங்கே மரத்தைத் தொட முடியாது, தொடவும் கூடாது. அந்தக் காடு இருப்பதால்தான் மணிமுத்தாறில் தண்ணீர் இருக்கிறது. ஆகவே வேறு மரங்களில் கடைகிறார்கள். கேஸ் அடுப்பும் சிலிண்டரும்கூடச் சொப்புப் பெட்டிக்குள் வந்துவிட்டன. தொழில் காலத்தோடு நடக்கத்தான் பார்க்கிறது. கூலியும் விலையும் சேர்ந்து நடக்குமா என்பதுதான் கவலை. திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் சமையல் செட் அதைவிட மலிவு.

பிளாஸ்டிக் வந்து மரத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் விமானப் பெட்டியும் பிளாஸ்டிக்தானே? அதை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு மாதம் மெனக்கெடுகிறார், வரலாறு படிக்கிறார், அளக்கிறார், தப்பைத் திருத்துகிறார். கைவேலையை ஒழிப்பது பிளாஸ்டிக் என்ற பொருள் அல்ல. யாரும் எதுவும் செய்ய வேண்டாதபடி, உடைந்தால் தூக்கிப் போடும்படி, என்ன பொருளின் மாதிரி என்றே யோசிக்க வேண்டாதபடி முழுதாக அச்சிட்டு வருவதுதான் ஒழிக்கிறது.

இன்னொன்றும் யோசிக்கலாம். சொப்பு பெண் குழந்தைக்கு, விமானம் ஆண் குழந்தைக்கு என்று கடைக்காரர் கேட்காமலே எடுத்து நீட்டுகிறார். நேட் செய்யத் தேவையானவை பொறுமை, கண், விரல். இவை பெண்ணுக்கு இல்லையா? அடுப்பு பற்றவைத்து நாலு பேருக்குச் சோறு போடும் விளையாட்டு ஆணுக்கு வேண்டாமா? ஒரே அலமாரியில் விக்ராந்தும் திருகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எதற்கும் குறைச்சல் இல்லை.

வீட்டில் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள். முதல் பெட்டி சின்னதாக, பாகங்கள் குறைவாக இருக்கட்டும். பெரிய கப்பலில் தொடங்கியவர்கள் பாதியில் பரணில் ஏற்றிவிடுவார்கள். பசையும் வண்ணமும் வாடை அடிப்பவை என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். கத்தி பெரியவர் கையில், தூரிகை சிறியவர் கையில்.

எதை அளந்து வைப்பது?

மணிமுத்தாறுக்கு மேலே, அந்த மலைப்பாதை முடியும் திசையில் மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் தோட்ட வேலையை நிறுத்தும் ஏற்பாடு தொடங்கியது. நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள், பிறந்த இடத்தை விட்டு மலை இறங்கும் நிலை வந்தது. காடு காடாகத் திரும்பும் என்பது ஒரு பக்கம். அங்கே வரிசையாக நின்ற லயன் வீடுகள், கொழுந்து எடை போட்ட இடம், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும் என்பது இன்னொரு பக்கம்.

உலகம் போர் விமானங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். அவற்றுக்குப் பெட்டி போட நிறுவனங்கள் இருக்கின்றன. மாஞ்சோலை லயன் வீட்டுக்கு எந்த நிறுவனமும் பெட்டி போடப்போவதில்லை. அங்கே வாழ்ந்தவர்களின் பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, வாசல் எத்தனை அடி, சுவர் எத்தனை அடி, அடுப்பு எந்த மூலையில், தண்ணீர்க் குழாய் எத்தனை எட்டு தள்ளி என்று குறித்து வைத்தால் போதும். அட்டையும் ஒட்டுப்பசையும் பத்து ரூபாய் வாட்டர் கலரும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். 1:72 அளவில் செய்தால் முற்றத்தில் ஓர் அங்குல உயரத்தில் ஆச்சி நிற்பாள்.

உரல் சொப்பைக் கடைந்தவர் யாரும் இது வருங்காலத்துக்கு ஆவணம் என்று நினைத்துக் கடைந்திருக்க மாட்டார். பார்த்துப் பழகிய பொருளைக் கையளவில் செய்தார், அவ்வளவே. அது நின்றுவிட்டது.

மாலையில் மலைப்பாதையிலிருந்து இறங்கும் வண்டிகள் அணைக்கட்டைக் கடக்கும்போது, மேலே கோடாகத் தெரிந்தது மறுபடி மலைபோல் எழுந்து நிற்கும். கல்லிடைக்குறிச்சி வழியாகத் திரும்புபவர்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தலாம். ஓர் ஓலைப்பெட்டி வாங்கினால் அன்றைக்குக் கடைசல் பட்டறையில் ஒரு நாள் கூலி நிற்கும். வீட்டுக்குப் போய்த் திறக்கும்போது உள்ளே திருகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது எப்படிச் சுற்றும் என்று காட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.